கட்டுநாயக்காவில் உங்களுக்காக நிற்கிற வான்: வன்னிக்குப் பறப்பவர்கள் விமானத்தில் குடிப்பதைப் பற்றி அறியவேண்டியவை

வன்னியில் விசுவமடுவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆளை ஏற்ற வருகிறவர்கள் முதல்நாள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கே வான் பிடித்து வெளிக்கிட்டுவிடுவார்கள். விடியப்புறம் இறங்குகிற விமானத்துக்கு அதுதான் கணக்கு. முன் சீற்றில் அம்மா, பின்னால் தங்கச்சி, அவளின் பிள்ளைகள், ஒரு மாமா, உதவிக்கென்று பக்கத்து வீட்டுப் பெடியன். பரந்தன் சந்தியில் ஏ-9 வீதிக்கு ஏறி வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகிறார்கள். பிள்ளைகள் நித்திரை தூங்கினாலும் அம்மா தூங்கமாட்டா. விமானத்தில் குடிப்பதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அந்த வானை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்த விமானத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தகப்பனின் செத்தவீட்டுக்குப் போகிறார் என்பது அவர் பக்கத்துச் சீற்காரருக்குச் சொல்லி அழுததில் விளங்கியது. ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் விமானத்திலும், நடுவில் காத்திருந்த நேரத்திலும் குடித்திருக்கிறார். இந்த விமானத்தில் பணிப்பெண் மூன்றாவது முறை இல்லை என்றதும், டியூட்டி ஃப்ரீ பையைக் கிழித்து, போர்வைக்குள் வைத்து விஸ்கியைக் குடிக்கத் தொடங்கினார். போத்தலை வாங்க வந்த பெண்ணின் கையைப் பிடித்து முறுக்கினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பத்து நிமிடத்துக்குள். பிளாஸ்ரிக் விலங்கு போட்டுக் கடைசி வரிசையில் இருத்தினார்கள். இறங்கியதும் பொலிஸ் உள்ளே வந்து கூட்டிக்கொண்டு போனது.

நான் வெளியில் வந்தபோது வயதான அம்மா ஒருவர் என்னை மறித்தார். “தம்பி, நீங்களும் அந்த பிளேனிலதானே வந்தனீங்கள்? என்ர மகன் இன்னும் வரேல்லை. கண்டனீங்களோ?” என்று கேட்டார். புருசனின் பிரேதத்தை வீட்டில் வைத்துவிட்டு மகனை ஏற்ற வந்திருந்தார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. துக்கத்தில் இருந்தார், இரண்டு நாள் நித்திரை இல்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. எங்கள் பயணம் நீளமானது. லண்டனிலிருந்து வளைகுடாவுக்கு ஏறத்தாழ ஏழு மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, பிறகு கொழும்புக்கு இன்னும் நாலரை, ஐந்து மணித்தியாலம். ரொறன்ரோவிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் கூட. ஏறுமுன் எயார்போட்டில் ஒன்று, சாப்பாட்டோடு இரண்டு, இடைத்தங்கலில் இரண்டு, அடுத்த விமானத்தில் மறுபடி ஒன்று என்று போனால், எந்த இடத்திலும் கூடக் குடித்ததுபோல் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டினால்தான் தெரியும். உடம்பு பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்கு எட்டு கிராம் அளவு மதுசாரத்தைத்தான் எரித்து முடிக்கும். அரைப் பைண்ட் சாதாரண பியர், அல்லது ஒரு சிறிய பெக், அவ்வளவுதான் அது. கோப்பி குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்தக் கணக்கு மாறாது.

மேலே போனால் நிலைமை வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். ஒட்சிசன் குறைவு, காற்றும் மிகவும் வறண்டது. ஜேர்மன் விண்வெளி மையத்து ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 18 முதல் 40 வயது வரையான 48 சுகதேகிகளைச் சேர்த்து, அவர்களில் சிலரை இரண்டு பியர் அளவு மது கொடுத்து அப்படியான அழுத்தத்தில் நித்திரை கொள்ள வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் இரத்த ஒட்சிசன் 85 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 அளவுக்கு ஏறியது. வழமையாக ஒட்சிசன் 95க்கு மேல் இருக்கவேண்டும். அவர்கள் இளம் ஆட்கள். பிரஷர், சீனி, நெஞ்சு வருத்தத்தோடு அறுபது வயதில் ஊருக்குப் போகிற எங்கள் அண்ணைமார் குடித்துவிட்டு நித்திரை கொள்வதை நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். நித்திரைக் குளிசையோடு மதுவைச் சேர்ப்பது இன்னும் மோசம். “ஒரு குளிசையும் போட்டு ஒரு பெக்கும் அடிச்சா கொழும்பிலதான் கண் முழிப்பாய்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963 ஆம் ஆண்டு ரோக்கியோ உடன்படிக்கையின்படி, கதவு மூடிய பிறகு ஒழுங்கைக் குலைப்பவரைக் கட்டி வைக்கவும், இறக்கிவிடவும், இறங்கும் நாட்டுப் பொலிஸிடம் கொடுக்கவும் விமானிக்கு அதிகாரம் உண்டு. பிரித்தானியச் சட்டத்தில் குடிவெறியோடு விமானத்தில் ஏறுவதே குற்றம், 2 வருடம் வரை சிறை. விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் 5 வருடம் வரை. கனடாவில் பணியாளரின் வேலையைக் குழப்பியவருக்கு 100,000 டொலர் வரை தண்டமும் 5 வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். விமானத்தை வேறு இடத்துக்குத் திருப்பவேண்டி வந்தால் அந்தச் செலவையும் கேட்பார்கள். 2024 ஏப்ரலில் டப்ளினிலிருந்து லான்சரோட்டே போன ரயன்எயார் விமானம் ஒரு பயணியால் போர்த்தோவில் இறங்க வேண்டி வந்தது. அந்தப் பயணியிடம் 15,000 யூரோ கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. குடியால் வந்த பிரச்சினை என்றால் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ஒரு சதமும் கொடுக்காது.

சொந்தப் போத்தலை உடைத்துக் குடிப்பதைப் பலர் குற்றமென்றே நினைப்பதில்லை. “காசு குடுத்து வாங்கினது, என்ர போத்தல்” என்பார்கள். பணியாளர் ஊற்றித் தருவதை மட்டும்தான் விமானத்தில் குடிக்கலாம். ஒருவருக்கு எத்தனை போயிருக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒளித்துக் குடிப்பது அந்தக் கணக்கைக் குழப்புகிறது. டியூட்டி ஃப்ரீ பையின் முத்திரையை உடைத்தால் அடுத்த எயார்போட்டில் பாதுகாப்புச் சோதனையில் அதைப் பறித்தும் விடுவார்கள்.

வளைகுடாவில் இடைத்தங்கல் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். டோகாவிலும் துபாயிலும் எயார்போட்டுக்குள் மது விற்பார்கள், ஆனால் பொது இடத்தில் வெறியில் நிற்பது அங்கே குற்றம். அடுத்த விமானத்தின் வாசலில் உங்களை ஏற்ற மறுத்தால், நாட்டின் சட்டம் தெரியாத இடத்தில் தனியே நிற்பீர்கள். குடியை விட முயல்கிற ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் குவைத் எயார்வேஸ் அல்லது சவுதியாவில் ரிக்கற் பாருங்கள். இரண்டிலும் மது பரிமாறுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மச்சான் இந்தக் காரணத்துக்காகவே ஒவ்வொரு முறையும் குவைத் வழியாகப் போகிறார்.

இனி, எங்களுக்குள் அதிகம் பேசாத ஒன்று. வன்னியில் வளர்ந்தவர்களில் கன பேருக்கு விமானச் சத்தம் சுற்றுலாவின் சத்தமாகக் காதில் விழுவதில்லை. கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும்போது பங்கருக்குள் குதித்த உடம்பு அது. எஞ்சின் உறுமி மேலே எழும்பும்போது கை வேர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது. அந்த நடுக்கத்தை அடக்கத்தான் முதல் பெக்கை எடுக்கிறேன் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதற்குமேல், பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை ஊருக்குப் போகிறவருக்கு, அல்லது மே 18க்கு முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றப் போகிறவருக்கு, மனதில் என்னென்ன ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. மது அந்த நினைவுகளை அமத்தாது, கதவைத் திறந்துவிடும். முப்பதாயிரம் அடியில், மொழி தெரியாத ஆட்களுக்கு நடுவில், அது சத்தமாகவும் சண்டையாகவும் வெளியே வரும்.

அப்படியானவர்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே குடும்ப வைத்தியரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. இறக்கைக்கு மேலே உள்ள வரிசையில் சீற் எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஏறியவுடன் பணியாளரிடம், போர்ச் சூழலில் வளர்ந்ததால் எனக்கு விமானப் பயணம் பயம் என்று ஒரு வசனம் சொல்லி வையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் மகனையோ மகளையோ கொண்டு ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டலாம். சொல்லி வைத்தவரை அவர்கள் கவனித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கமும் எங்களை மாட்டிவிடும். ஊரில் ஒருவரைக் கூப்பிடும்போது தோளில் தட்டுவோம், கையைப் பிடிப்போம். “தங்கச்சி, இங்க வாங்கோ” என்று பணிப்பெண்ணின் கையைத் தொடுவது உங்களுக்குப் பாசமாக இருக்கலாம். குடித்த வாடையோடு அதைச் செய்தால் அவருக்கு அது தாக்குதல். பயணிகளின் குழப்பத்தை நாலு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வாயால் குழப்புவது முதலாவது, உடம்பில் கை வைப்பது இரண்டாவது, உயிருக்கு ஆபத்து மூன்றாவது, விமானி அறைக்குள் நுழைய முயல்வது நாலாவது. ஒரு கையைப் பிடித்த நொடியில் நீங்கள் இரண்டாவது நிலைக்குப் போய்விட்டீர்கள். தலைக்கு மேலே பொத்தான் இருக்கிறது, அதை அமத்துங்கள். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் தண்ணீர் வாங்குங்கள்.

பக்கத்துச் சீற்றில் இன்னொரு தமிழர் வெறியில் இருந்தால் என்ன செய்வது? ஃபோனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அது அவரின் அம்மாவின் கைக்கு விமானம் இறங்குமுன் போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்கு வாய் கொடுக்கவும் வேண்டாம், எழும்பிப்போய்ப் பணியாளரிடம் சத்தமில்லாமல் சொல்லுங்கள். பிறகு, முடிந்தால், மொழிபெயர்க்க முன்வாருங்கள். கன சண்டைகள் பாதி விளங்காத ஆங்கிலத்தில்தான் பெரிதாகின்றன. “அண்ணை, அவை உங்களைத் தள்ளேல்லை, சீற் பெல்ற்றைத்தான் போடச் சொல்லினம்” என்று தமிழில் ஒருவர் சொன்னவுடன் தணிந்த ஆளை நானே கண்டிருக்கிறேன். அந்தச் செத்தவீட்டு விமானத்தில் நான் எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை.

கட்டுநாயக்காவில் இறங்கியும் பயணம் முடியவில்லை. றோட்டில் வான் ஓட்டம் இன்னும் ஆறேழு மணித்தியாலம் இருக்கிறது. விமானத்தில் குடித்தவருக்குப் புத்தளம் வருமுன் தலையிடியும் சத்தியும் தொடங்கிவிடும். ஓமந்தை தாண்டினால் வெயில் நெருப்பு. இளநீர் கண்ட இடத்தில் நிற்பாட்டிக் குடியுங்கள். சாரதி இரவு முழுக்க ஓடி வந்தவர் என்பதை மறக்காமல், அவருக்கு இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்ள இடம் கொடுங்கள். ‘வந்த சந்தோசத்துக்கு’ என்று அவருக்கு ஊற்றிக் கொடுக்கிற வேலை ஒருபோதும் வேண்டாம். கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் இரவில் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, முகம் கழுவிக்கொண்டு ஏறலாம்.

கூட வருகிற இளம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். லண்டனில் 18 வயதில் வாங்கலாம், ஒன்ராறியோவில் 19. இலங்கையில் 21 வயதுக்குக் கீழே ஒருவருக்கு மது விற்கக்கூடாது. போயா என்கிற பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும்.

கடைசியாக அந்தப் போத்தல். கட்டுநாயக்காவில் வருகை மண்டப டியூட்டி ஃப்ரீயில் ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே விஸ்கியும் அடுக்கியிருக்கும். மாமாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, கூடப் படித்தவனுக்கு ஒன்று என்று கை போகும். 2009க்குப் பிறகு எங்கள் கிராமங்களில் குடி எவ்வளவு வீடுகளைத் தின்றிருக்கிறது என்பது அங்கே ஒரு கிழமை தங்கினாலே தெரியும். வேலி அடைத்து, கோழி வளர்த்து, நுண்கடன் கட்டுகிற பெண்களிடம் கேட்டால் ஒவ்வொருத்தியும் ஒரு கதை சொல்லுவாள். அந்த மச்சானுக்குப் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று கொண்டுபோங்கள். வாசிக்கிற கண்ணாடி, நல்ல ரோச்லைற், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, எதுவானாலும் சரி. பயணத்துக்கு முதல் கிழமை அம்மாவோடு ஃபோனில் கதைக்கும்போது ஆர் ஆர் இப்ப குடிக்கினம், ஆர் விட்டிட்டினம் என்று கேட்டு வையுங்கள். விட்டு ஆறு மாதமான ஒருவரின் முற்றத்தில் நீங்கள் போத்தலோடு போய் நிற்கக்கூடாது.