பிங்க்1 முதல் பார்க்கின்சன் நோய் வரை: ஸ்ட்ரிங் தளத்தில் மரபணுத் தொடர்புகளைப் படிப்பது எப்படி?

ஒரு மரபணு எந்த உயிரியல் செயல்முறையில் பங்கேற்கிறது, அது பழுதானால் எந்த நோய் வருகிறது என்பதை ஆய்வகத்திற்குள் நுழையாமலே ஊகித்துப் பார்க்க இலவசத் தரவுத்தளங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான, புரதங்களுக்கிடையிலான தொடர்புகளைக் காட்டும் ஸ்ட்ரிங் தளத்தை, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணுவைக் கொண்டு பழகுவோம். அப்போதுதான் தளம் எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே மிகைப்படுத்துகிறது என்பது கண்ணில் படும்.

நாம் எடுத்துக்கொள்வது பிங்க்1. இதன் பிறழ்வுகள் இளவயதில் தொடங்கும் ஒருவகைப் பார்க்கின்சன் நோயை உண்டாக்குகின்றன என்பது 2004இல் தெரியவந்தது. பார்க்கின் என்னும் மற்றொரு மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே, 1998இல், ஜப்பானியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டிருந்தது.

முதலில், தேடல் பெட்டியில் மரபணுவின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, உயிரினமாக ஹோமோ சேப்பியன்ஸை (மனிதன்) தேர்ந்தெடுங்கள். பதிவு எதுவும் தேவையில்லை. சிறிது நேரத்தில் வட்டங்களும் கோடுகளும் கொண்ட வலைப்படம் திரையில் விரியும். வட்டங்கள் மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களைக் குறிக்கின்றன. கோட்டின் நிறம் சான்றின் வகையைச் சொல்கிறது: இளஞ்சிவப்பு என்றால் ஆய்வகச் சோதனை, கறுப்பு என்றால் இரு மரபணுக்களும் சேர்ந்தே வெளிப்படுதல் (அதாவது செல்லில் ஒருசேரச் செயல்படுதல்), மஞ்சள் கலந்த பச்சை என்றால் ஆய்வுக் கட்டுரைகளில் இரு பெயர்களும் சேர்ந்து காணப்படுதல்.

அடுத்து, பிங்க்1ஐயும் பார்க்கினையும் இணைக்கும் கோட்டைச் சொடுக்குங்கள். 0 முதல் 1 வரையிலான மதிப்பெண் ஒன்று தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். இம்மதிப்பெண் இரு புரதங்களும் எவ்வளவு வலுவாக இணைந்துள்ளன என்பதை அளக்கவில்லை. அத்தொடர்பு உண்மையாக இருக்கலாம் என்று எவ்வளவு நம்பலாம் என்பதையே சொல்கிறது. தனித்தனிச் சான்றுகளைச் சேர்த்து இது கணக்கிடப்படுகிறது: தலா 0.5 பெற்ற இரண்டு சான்றுகள் இருந்தால், இரண்டுமே தவறாக இருக்கும் வாய்ப்பு 0.25 என்பதால், மொத்த மதிப்பெண் ஏறத்தாழ 0.75 ஆகும் (தற்செயல் பொருத்தத்திற்காகத் தளம் இதில் சிறு திருத்தம் செய்கிறது). ஆகவே மொத்த எண்ணைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடாமல், அது எந்தெந்தச் சான்றுகளிலிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்.

அதற்கு எளிய வழி உண்டு. அமைப்புகள் பகுதியில், இயல்பாக 0.400 என்றிருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை 0.700க்கு உயர்த்திவிட்டு, கட்டுரைத் தேடல் சான்றையும் நீக்கிவிட்டு, படத்தைப் புதுப்பியுங்கள். சில கோடுகள் மறைந்துவிடும். மறைந்தவை பொய் என்று பொருளல்ல. அவை பெரும்பாலும் கட்டுரைகளை நம்பி நின்றவை என்று மட்டும் கொள்ளலாம். பலரும் எழுதிய மரபணுவுக்குக் கோடுகள் பெருகுவதும், யாரும் தொடாத மரபணு தனித்து நிற்பதும் இத்தகைய தளங்களின் இயல்பு.

இனிப் பகுப்பாய்வுப் பகுதிக்குச் செல்லுங்கள். உயிரியல் செயல்முறைகளின் பட்டியலில், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்தால் அதைச் செல் தானே விழுங்கி அகற்றும் செயல் இடம்பெற்றிருக்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் பிங்க்1 குவிந்து பார்க்கினை அங்கே வரவழைக்கிறது என்பதால் இது பொருத்தமானதே. ஆனால் அருகிலுள்ள புள்ளியியல் எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம். நீங்கள் கொடுத்தது ஒரே மரபணு; மற்றவற்றை, தொடர்புடையவை என்பதற்காகவே, தளம் சேர்த்தது. அவற்றுக்குள் ஒற்றுமை தெரிவதில் வியப்பில்லை. கீழே வரும் நோய்ப் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடைசியாக, மூலக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். 2006இல் வெளியான பழ ஈ ஆய்வுகளில், பிங்க்1 இழந்த ஈக்களில் பார்க்கினைக் கூடுதலாக வெளிப்படுத்தியபோது குறைபாடு சீரானது. பார்க்கின் இழந்த ஈக்களைப் பிங்க்1ஆல் மீட்க முடியவில்லை. எனவே பிங்க்1 முன்னால் நின்று ஏவுகிறது, பார்க்கின் அதன் பின் செயல்படுகிறது. வலைப்படத்தின் வெறுங்கோட்டில் இந்த முன்பின் வரிசையைக் காண முடியாது. பழைய கட்டுரைகளைத் தேடும்போது, பார்க்கினின் முந்தைய குறியீடான பார்க்2 என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.