பாலஸ்தீன வீட்டு விருந்தில் நாம் செய்யும் தவறுகள்

பெத்லகேம் பக்கம் மூன்று வருடம் வேலை பார்த்தேன். சமீபத்தில் திரும்பப் போனபோது, புதிதாக வந்திருந்த இரண்டு பேரை எனக்குப் பழக்கமான வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனேன். முதல் வருடம் நான் செய்த தவறுகளை இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள். வலது கையால் சாப்பிடுவது போன்றவை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பாதீர்கள்

ஹும்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுது, ஆலிவ், ஊறுகாய், எண்ணெயில் தோய்த்து ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தொட்டுச் சாப்பிட ரொட்டி என்று முதலில் வருவதெல்லாம் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அடுப்பில் மக்லூபா இருக்கிறது. கறி, பொரித்த கத்தரிக்காய், காலிஃபிளவர், அரிசி எல்லாம் அடுக்கி வேகவைத்த பானையை உங்கள் கண் முன்னால் பெரிய தட்டில் கவிழ்ப்பார்கள். அதற்கு இடம் வையுங்கள்.

சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள்

மக்லூபாவின் அரிசி கறி வெந்த தண்ணீரிலேயே வேகிறது. கடைசி நேரத்தில் துண்டுகளை எடுத்துப் போட்டுப் பயனில்லை. இரண்டு நாள் முன்னால் சொன்னால், பருப்பும் அரிசியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா தயாராக இருக்கும். அருமையான சாப்பாடு அது.

காபிக்கு முன்னால் கிளம்பாதீர்கள்

இதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நாப்ளுஸில் ஒரு வீட்டில் ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. நான் மூன்று மணிக்கு வேறொருவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றி சொன்னேன், இரண்டரைக்கு எழுந்துவிட்டேன். வாசலில் ஷூ மாட்டும்போது அந்த வீட்டுப் பையன் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தான். கையில் பழைய நகரத்துக் கடையில் வாங்கிய குனாஃபா என்ற இனிப்பு, ஆவி பறக்க. உள்ளே இருக்கும் பாலாடைக்கட்டி ஆறினால் இறுகிவிடும் என்பதால் ஓடி வந்திருக்கிறான். அப்போதும் நான் கிளம்பித்தான் போனேன். சமையலில் என்ன குறை என்று அந்த அம்மா எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பரிடம் கேட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது.

அங்கே விருந்து சாப்பாட்டோடு முடிவதில்லை. தட்டுகளை எடுத்த பிறகு பழம் வரும், வீட்டுக்காரரே உரித்து உங்கள் கையில் தருவார். அப்புறம் மரமிய்யா என்ற மூலிகை இலையோ புதினாவோ போட்ட தேநீர், இனிப்பு. ஏலக்காய் மணக்கும் காபி கடைசியில். மனம் விட்டுப் பேசுவது இந்த இடைவெளியில்தான். சில வீடுகளில் வந்தவுடனும் வரவேற்புக் காபி தருவார்கள், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கோப்பைக்கு அவ்வளவு கனம் உண்டு. பெண் கேட்டு வரும் பெரியவர்கள், சம்மதம் கிடைக்கும் வரை காபியைத் தொடாமல் வைத்திருப்பது அங்குள்ள வழக்கம். அதைக் குடிக்காமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் ஆகும் என்று யோசியுங்கள்.

போன முறை என்னுடன் வந்தவர்களில் ஒருவர் தேநீர் வரும்போதே டாக்சிக்கு போன் செய்ய ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். வழியில் இஸ்ரேல் ராணுவத்தின் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள் என்பது உண்மையான காரணம், அங்கே எல்லோருக்கும் அது புரியும். ஆனால் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள், சமையலைச் சீக்கிரம் தொடங்குவார்கள். இல்லையென்றால் மாலை முழுவதையும் காலியாக வையுங்கள்.

தட்டைக் காலி செய்யாதீர்கள்

காலியான தட்டு மறுபடி நிரம்பும். ஒருமுறை 'வேண்டாம்' என்பது மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கொஞ்சம் மீதி வைத்து, நெஞ்சில் கை வைத்து 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லுங்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் இதையே சொல்வார்கள்.

எண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்

முசக்கன் என்பது ரொட்டி மேல் கோழியும் வெங்காயமும் வைத்த உணவு. அந்த ரொட்டியில் ஊறியிருக்கும் எண்ணெய் பெரும்பாலும் அவர்கள் மரத்து ஆலிவில் எடுத்தது. அக்டோபர், நவம்பரில் குடும்பமே சேர்ந்து பறித்த ஆலிவ். சுமாக் என்ற புளிப்புப் பொடி தூவிய வெங்காயத்தோடு கையாலேயே பிய்த்துச் சாப்பிடுங்கள்.

பணம்

கொடுக்காதீர்கள். ஒரு கிலோ இனிப்பு வாங்கிப் போங்கள்.

பதில் தெரியாமல் விழிக்காதீர்கள்

சாப்பிடும்போது வீட்டுக்காரர்கள் 'ஸஹ்தேன்' என்பார்கள், இரண்டு மடங்கு ஆரோக்கியம் என்று பொருள். 'அலா அல்பெக்' என்று வீட்டு அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் இதயத்துக்கு என்று அர்த்தம்.

வாசலில்

அங்கேயும் கால் மணி நேரம் பேச்சு ஓடும். ஆலிவ் ஊறுகாய் ஜாடி ஒன்று கைக்கு வரும். வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை அந்த ஜாடியை ஏதாவது நிரப்பி எடுத்துப் போங்கள். நான் முந்திரி போட்டுக் கொண்டுபோவேன்.