மேற்கு ஜன்னலுக்குத் திரை போதாது, தட்டி கட்டுங்க

மே மாதம் திருநெல்வேலிப் பக்கம் சாயங்காலம் நாலரை மணிக்கு சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது ஜன்னலுக்கு மேலே 2 அடி நீட்டியிருக்கும் சன்ஷேடு மேற்கு ஜன்னலில் மேலே ஒரு அடிக்குச் சற்று அதிகமாகத்தான் மறைக்கும். உள்ளே திரை போட்டால் வெளிச்சம்தான் குறையும்; கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுட வைக்கும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே நிற்கும். வெளியிலேயே மறிக்கணும்.

சன்ஷேடின் வெளி விளிம்பில் துளை போட்டுக் கொக்கி மாட்டி, பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ ஜன்னலின் அடிமட்டம் வரை தொங்கவிடுங்க. சுவரை ஒட்டிக் கட்டினால் வெளிப்பக்கம் திறக்கும் கதவு இடிக்கும், சூடான காற்றும் இடையில் அடைபடும். கோடையில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்குவதால் வடக்கு ஓரத்தில் தட்டி ஒரு அடி கூடுதலாக இருக்கட்டும்.

கீழ்முனையை இரண்டு பக்கமும் ஜி.ஐ. கம்பியால் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இழுத்துக் கட்டுங்க. நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். கீழ்முனையைக் கட்டாமல் விட்டால் ஆனி, ஆடிக் காற்று ஒரே ராத்திரியில் பிய்த்துவிடும். (பத்தமடைப் பாயை இதற்கு எடுக்காதீங்க, நனைந்தால் பூசணம் பிடிக்கும்.)

தெற்கு ஜன்னலுக்கு இத்தனை பாடு வேண்டாம். சூரியன் தெற்கே சாயும் மார்கழி உச்சி வெயிலிலும் 2 அடி சன்ஷேடு 3 அடிக்கு மேல் மறைத்துவிடும்.