நானோகுழாய் கலந்த கார்பன் இழை: நூற்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

பாலிஅக்ரைலோநைட்ரைல் என்ற பாலிமரில், கிராஃபைட் தாளைச் சுருட்டியது போன்ற நுண்ணிய கார்பன் நானோகுழாயைக் கலந்து இழை நூற்று, அதைச் சுட்டு கார்பன் இழையாக்குவதுதான் உங்கள் ஆராய்ச்சித் தலைப்பு என்றால், கெமிக்கல் வாங்கப் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நானோகுழாயின் யங் குணகம், அதாவது இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பு, சுமார் 1000 ஜிகாபாஸ்கல். நீங்கள் கலக்கப் போவது 1 சதவீதம். அத்தனை குழாயும் இழையின் திசையிலேயே நேராகப் படுத்திருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கூடுவது 10 ஜிகாபாஸ்கலைத் தாண்டாது. ஏற்கெனவே 250, 300 என்று நிற்கும் கார்பன் இழைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்புறம் ஏன் இதைச் செய்கிறார்கள்? குழாயை ஒட்டியிருக்கும் பாலிமர் சங்கிலிகள் அதன் பரப்பைப் பின்பற்றி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன, சுடும்போது கிராஃபைட் அடுக்குகளும் அந்த ஒழுங்கின் மேலேயே வளர்கின்றன. அதாவது குழாய் கம்பியாகச் சுமை தாங்குவதைவிட வார்ப்பு அச்சாக இருந்து செய்யும் வேலைதான் பெரிது. கொத்தாகக் கிடந்தால் உள்ளே மாட்டிக்கொண்ட குழாய்களுக்குப் பாலிமரோடு தொடர்பே கிடையாது. அவை வெறும் குறைபாடு, இழை அங்கேதான் அறும். ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் குழாயைப் பிரிப்பதற்கே ஒதுக்குங்கள்.

பிரிக்கும் முறை சலிப்பானது, குறுக்கு வழியும் இல்லை. டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே குழாயைப் போட்டு, மீயொலியால் அதிரவைக்கும் சோனிகேட்டர் தொட்டியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். தொட்டித் தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கரைசலுக்குள்ளேயே கம்பியை விட்டு அதிரவைக்கும் புரோப் சோனிகேட்டர் வேகமானதுதான், ஆனால் குழாயை நறுக்கித் தள்ளிவிடும், நீளமான குழாய் வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கியதற்கு அர்த்தமில்லாமல் போகும். பிரிந்த கரைசலை, தனியாகக் கரைத்து வைத்த பாலிமர் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே, மிகுதிக் கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கி, நூற்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே கவர் ஸ்லிப்பை மெதுவாக அழுத்தி, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். சீரான சாம்பல் நிறம் தெரிந்தால் மேலே போகலாம், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நூற்காதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகாகப் பிரிந்த ஒரு மூலையைப் படம் எடுத்து கைடிடம் காட்டிவிடலாம், ஆனால் அது பார்ப்பது ஊசிமுனை அளவு இடத்தை. இழையை அறுப்பது அந்தப் பெரிய புள்ளிதான்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) 2013-இல் நானோகுழாய்த் தூசுக்குப் பரிந்துரைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம், எனவே தூளை, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே திறக்கவே கூடாது. டைமெத்தில் ஃபார்மமைடு தோல் வழியாகவே உடம்புக்குள் போய்க் கல்லீரலைக் கெடுக்கும், லேபில் கிடக்கும் நீல நைட்ரைல் கையுறை அதைத் தடுக்காது, பியூட்டைல் கையுறை கேளுங்கள்.

நூற்பு ஜெல் முறையில் (கரைசலைக் குளிரவைத்து ஜெல்லாக்கி இழையாக்குவது) என்றால், கரைசலை வடிகட்டி, குமிழி போக வைத்திருந்து, பூஜ்ய டிகிரிக்கும் கீழே குளிர்ந்த மெத்தனால் தொட்டிக்குள் இறக்கி, பிறகு சூடான கிளிசராலில் இழுத்து நீட்ட வேண்டும். சங்கிலியும் குழாயும் வரிசைக்கு வருவது இந்த நீட்டலில்தான். இதோடு சேர்த்து, அதே நாளில் அதே கருவியில் குழாய் இல்லாத இழையையும் நூற்றுவிடுங்கள், இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். ஜார்ஜியா டெக்கில் சதீஷ் குமார் குழு 2015-இல் நானோகுழாயே இல்லாமல், ஜெல் நூற்பால் மட்டும் 5.5 முதல் 5.8 ஜிகாபாஸ்கல் இழுவலிமையும் 354 முதல் 375 வரை யங் குணகமும் கொண்ட கார்பன் இழையைக் காட்டியது. ஒப்பீட்டு இழை இல்லையென்றால், உங்கள் முன்னேற்றம் குழாயால் வந்ததா நூற்பால் வந்ததா என்று யார் கேட்டாலும் பதில் இருக்காது.

சுடுவது இரண்டு கட்டம். முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை, நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல மெதுவாக, இழையை இழுத்துக் கட்டிய நிலையில். தளர்வாக விட்டால் சுருங்கி, நீட்டலில் சம்பாதித்த ஒழுங்கு அத்தனையும் போய்விடும். வெள்ளை இழை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகும். சரியாகப் பக்குவப்பட்டால் தீக்குச்சியில் காட்டினாலும் பற்றி எரியாது. ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும், புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல். எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும், பயப்பட வேண்டாம்.

சோதனைக்கு ஒற்றை இழையை, நடுவில் 25 மில்லிமீட்டர் ஜன்னல் வெட்டிய காகிதச் சட்டத்தில் ஒட்டி, கருவியில் மாட்டிய பிறகு சட்டத்தின் இரு ஓரத்தையும் கத்தரியுங்கள். விட்டத்தை ஒவ்வோர் இழைக்கும் தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் விட்டத்தில் 5 சதவீதம் பிசகினால் வலிமையில் 10 சதவீதம் பிசகும். அறுந்த முடிவுகளில் நல்லதை மட்டும் பொறுக்காமல் எல்லாவற்றையும், வலிமை எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் வைபுல் வரைபடத்தில் போடுங்கள். குழாய் உண்மையிலேயே சுமையை வாங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால், சுடாத இழையை இழுத்துக்கொண்டே, லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை எடுங்கள்: 2600 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய பட்டை இழுக்க இழுக்கக் கீழே நகர்ந்தால் வாங்குகிறது, நகராமல் நின்றால் திரும்பவும் சோனிகேட்டருக்குத்தான் போக வேண்டும்.