தீயணைப்பு வீரர்களின் பாதுகாப்பு: கல்லூரி ஆய்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீயணைப்புப் பணியில் பாதுகாப்பு என்று தலைப்பிட்டுக் கல்லூரி மாணவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு முதல் பக்கத்திலேயே நேர்ந்துவிடுகிறது. தலைப்பில் இருப்பவர் தீயணைப்பு வீரர். கட்டுரைக்குள் இருப்பதோ கட்டடம். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்தோடு முன்னுரை தொடங்கும், தீயணைப்பான்களின் வகைகள் பட்டியலாக வரும், விழிப்புணர்வு தேவை என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிடும். அந்தக் கொடுமையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆயினும் அது பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு குறித்த ஆய்வுக்கு உரிய சான்று. எரியும் கட்டடத்துக்குள் கடமையின் பொருட்டு நுழைகிறவர் எவ்வாறு காயமடைகிறார், எதனால் இறக்கிறார், எது செய்யப்பட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கான தரவு வேறு, படிக்க வேண்டிய ஆவணங்கள் வேறு, சந்திக்க வேண்டிய ஆட்களும் வேறு. இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாத கட்டுரையில் பின்னால் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே கிளைக்கின்றன.

பொருளைச் சரியாகப் பிடித்த பிறகும் கேள்வியை அகலமாக வைத்துக்கொள்வது அடுத்த தவறு. 'இந்தியாவில் தீயணைப்பு வீரர்களின் பாதுகாப்பு' என்பதை ஒரு பருவத்துக்குள் எவராலும் ஆய்ந்து முடிக்க இயலாது. மாறாக, 2020ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் உயிரிழந்ததையும், 2015 மே மாதம் மும்பை கல்பாதேவியில் பழைய கட்டடம் ஒன்று தீயில் சரிந்து நான்கு தீயணைப்பு அதிகாரிகளைப் பலிகொண்டதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு ஆய்வுக்குரிய கேள்வி ஒன்று தானாகவே கிடைக்கும். நெருக்கமான கடைவீதிகளில் உள்ள பழைய கட்டடங்கள் சரிவதற்கு முன் எந்த அறிகுறிகளைக் காட்டுகின்றன, அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு களத்தில் யாருக்கு ஒப்படைக்கப்படுகிறது, உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்லும் ஆணை எவ்வாறு போய்ச் சேர்கிறது என்று கேட்டால், அதற்கு விடை தேடிச் செல்ல ஓர் இடம் இருக்கிறது.

பெயரில் 'தீ' இருப்பதால் நெருப்பை மட்டும் பார்ப்பதும் தவறே. தமிழ்நாட்டில் இத்துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்பதாகும். கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவது, வெள்ளத்தில் சிக்கியவரை மீட்பது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, கதண்டுக் கூட்டை அழிப்பது எல்லாம் இவர்கள் தலையில்தான் விழுகின்றன. 2020 ஜூலையில் பெரம்பலூர் மாவட்டத்தில் கிணற்று மீட்புப் பணியின்போது விஷவாயு தாக்கி ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். அத்தகைய மரணத்துக்கு இடமே தராத ஆய்வு இந்த மண்ணின் தீயணைப்புப் பணியைப் பற்றிய ஆய்வாக இருக்க முடியாது.

புள்ளிவிவரங்களைக் கையாளும் இடத்தில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணங்கள், தற்கொலைகள் பற்றிய அறிக்கையில் தீ விபத்து மரணங்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. அது காவல் துறையின் பதிவுகளிலிருந்து தொகுக்கப்படுவது. அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். தீயணைப்புத் துறையின் கணக்கோ, நிலையங்கள் ஏற்றுச் சென்ற தீ அழைப்புகளையும் மீட்பு அழைப்புகளையும் எண்ணுவது. குப்பைமேட்டுத் தீயும் அதில் ஓர் அழைப்புதான். இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்து 'ஓர் அழைப்புக்கு இத்தனை மரணம்' என்று வகுத்துக் காட்டுவதற்குப் பொருளே இல்லை. துறையின் பணியைப் பற்றிய எண்களுக்கு, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு நல்ல தொடக்கம். அதில் இல்லாததை, குறிப்பாகப் பணியின்போது காயமடைந்தோர் பற்றிய விவரத்தை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். விடை தரச் சட்டம் 30 நாள் அவகாசம் அளிப்பதால், கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டிய மாதத்தில் மனுவை எழுதத் தொடங்குவதில் பயனில்லை.

அயல்நாட்டு நூல்களையும் தர விதிகளையும் அப்படியே எடுத்தாளும் பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதனால் விளையும் பிழை எழுத்தில் மட்டும் நிற்பதில்லை. அமெரிக்க வகைப்பாட்டில் 'சி' வகைத் தீ என்பது மின்னோட்டம் உள்ள கருவிகளில் பற்றும் தீயைக் குறிக்கும். இந்திய வகைப்பாட்டில் 'சி' என்பது எரிவாயுத் தீ. ஓர் அமெரிக்க இணையப் பக்கத்திலிருந்து எடுத்த அட்டவணையை எந்த மாற்றமும் செய்யாமல் ஒட்டிவைக்கும் மாணவர், சமையல் எரிவாயு உருளையையும் மின்பலகையையும் இடம் மாற்றிவைத்துவிடுகிறார். தீயணைப்பு வீரர்களின் பணிப் பாதுகாப்புக்கு அடிப்படை ஆவணமாக எல்லோரும் மேற்கோள் காட்டும் அமெரிக்கத் தர விதியான என்.எஃப்.பி.ஏ. 1500 இப்போது தனித்து நிற்கவில்லை. 2024 பதிப்பிலிருந்து அது என்.எஃப்.பி.ஏ. 1550 என்ற தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையினர் தன்னார்வலர்கள். இங்கே இருப்பவர்கள் முழுநேரச் சீருடைப் பணியாளர்கள். பயிற்சி, வயது, ஓய்வு நேரம், மருத்துவப் பரிசோதனை ஆகிய எதை ஒப்பிட்டாலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஒப்பிடக் கூடாது. நம் நாட்டு ஆவணங்களிலும் இதே கவனம் தேவை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பேசுகிறது. ஆனால் அது பரிந்துரை ஆவணமே. மாநில விதிகள் அதை எந்த அளவுக்கு ஏற்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் அதற்குச் சட்ட வலு. ஆகவே தமிழ்நாட்டைப் பற்றி எழுதுகிறவர் 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தையும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் மூலத்திலேயே படித்தாக வேண்டும்.

அயல்நாட்டு ஆய்வுகளை அறவே ஒதுக்குவதும் சரியாகாது. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களின் மரணத்துக்குத் தீக்காயத்தைவிட மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்புகளே பல்லாண்டுகளாக முதன்மைக் காரணமாக இருந்துவருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலால் ஏற்படும் நச்சுத் தாக்கத்தை 2022இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. இவற்றை அறியாத கட்டுரை, ஆபத்து என்றாலே சுடர் என்று எண்ணிக்கொண்டு, தீ அடங்கிய பின் மிஞ்சிய தணலைக் கிளறித் தேடும் நேரத்தை விட்டுவிடுகிறது. அப்போதும் நச்சு வாயுக்களான கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் காற்றில் இருக்கக்கூடும். சுடர் கண்ணில் படாததால் நிலையங்களில் பி.ஏ. செட் என்று வழங்கும் சுவாசக் கருவியைக் கழற்றிவைக்கத் தோன்றும் நேரமும் அதுவே. இங்குள்ள நிலையங்களில் புகை படிந்த சீருடையை யார், எங்கே, எப்படித் துவைக்கிறார்கள் என்பது மட்டுமே ஒரு முழு ஆய்வுக்குப் போதுமான கேள்வி.

சம்பவ ஆய்வு செய்வோர் மறுநாள் நாளிதழை மட்டும் நம்புகிறார்கள். 'முதற்கட்ட விசாரணையில் மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்ற வரி விசாரணை தொடங்கும்போது எழுதப்பட்டது. அது முடிந்த பின் கிடைத்த முடிவு அன்று. விசாரணை ஆணைய அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை கிடைக்கும் சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1998 முதல் தீயணைப்பு வீரர்களின் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைகளை முறையியலுக்காகவாவது படிக்க வேண்டும். 2007இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அறைகலன் கடைத் தீயில் ஒன்பது வீரர்கள் இறந்ததைப் பற்றிய அறிக்கை நல்ல மாதிரி. அவ்வறிக்கைகள் தனியொருவரைக் குற்றவாளியாக்காமல், மரணத்துக்கு இட்டுச்சென்ற காரணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன.

மேற்கோள்களைப் பற்றி ஒன்று: செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் நூற்பட்டியலில், உண்மையில் எவரும் எழுதாத கட்டுரைகளும் இருக்கும். நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நேர்காணல் இல்லாமல் இந்தப் பொருளில் உயிருள்ள கட்டுரை அமைவது அரிது. ஆனால் நிலையத்துக்கு நேரே போய்ப் பேச்சுக்கொடுத்து அதைப் பதிவுசெய்வது முறையன்று. மாவட்டத் தீயணைப்பு அலுவலரிடம் கல்லூரியின் கடிதத்தோடு எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். கல்லூரியில் அறநெறிக் குழு இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். நிலையத்தின் பெயர், பணி ஆண்டு, பதவி மூன்றையும் சேர்த்து எழுதினால், பெயரை மறைத்தாலும் பேசியவர் யார் என்று துறைக்குள் தெரிந்துவிடும். குறை சொன்னவருக்கு அதனால் கேடு வரலாம். 'உங்களுக்குப் போதிய உபகரணங்கள் இல்லைதானே?' என்று விடையை உள்ளே வைத்துக் கேட்பதைவிட, 'கடைசியாகச் சென்ற அழைப்பில் என்னென்ன அணிந்திருந்தீர்கள்?' என்று கேட்டால் கிடைக்கும் விடை பன்மடங்கு பயனுள்ளது. சக வீரரை இழந்தவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்கும்போது, பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பரிந்துரைப் பகுதியில் 'நவீன உபகரணங்கள் வழங்க வேண்டும், விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்' என்று எழுதுவது, அதுவரை செய்த உழைப்பைத் தானே வீணாக்குவது போன்றது. ஒவ்வொரு பரிந்துரையும் கட்டுரையில் கண்டறிந்த ஏதேனும் ஒன்றிலிருந்து பிறக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் நிலைய அலுவலரா, இயக்குநரகமா, உள்ளாட்சி அமைப்பா, அரசா என்பதும் தெரிய வேண்டும். கட்டடச் சரிவை ஆராய்ந்தவராயின், உள்ளே செல்வோரின் பெயரையும் நேரத்தையும் வாசலில் ஒருவர் குறித்துக்கொள்வது, வெளியேறும் ஆணைக்கு எல்லோரும் அறிந்த ஒரே ஒலிக்குறி வைத்துக்கொள்வது, அந்த ஒலிக்குறியை மாத ஒத்திகையில் பழகுவது என்று எழுதலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை என்பதால், ஒரு நிலைய அலுவலர் அந்தப் பக்கத்தைப் படித்த வாரத்திலேயே தொடங்கவும் முடியும்.