டிஷ் பழுதுக்குப் பணம் கொடுக்கும்போது வேலூர் வீடுகளில் நேரும் தவறுகள்

எங்கள் சத்துவாச்சாரிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓர் இரவு காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தால், மறுநாள் காலையில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஒருவர் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு நிற்பதையும், கீழே கூடத்திலிருந்து "வரல, இன்னும் வரல" என்று குரல் எழுவதையும் காணலாம். அப்படி ஒரு காலையில் என் தாயார் 900 ரூபாய் கொடுத்தார். தெருவோடு போன மெக்கானிக் ஒருவர் மேலே ஏறிப் பார்த்து, "எல்என்பி போயிடுச்சும்மா, மாத்தியாவணும்" என்று சொல்லி, டிஷ்ஷின் முன்னே நீட்டியிருந்து சிக்னலை வாங்கி ஒயருக்கு அனுப்பும் அந்தச் சிறு கருவியைப் புதிதாகப் பொருத்தி, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதினைந்து நாள் கழித்து அடுத்த மழையில் மீண்டும் சிக்னல் போயிற்று. இம்முறை டிஷ் சேவை தரும் நிறுவனத்தில் புகார் பதிந்து வரவழைத்த பணியாளர், ஒயரின் முனையிலிருந்த கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தண்ணீர் இறங்கி, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. இரண்டு விரற்கடை ஒயரை வெட்டி எறிந்து புதிய கனெக்டர் போட்டதும் படம் வந்துவிட்டது. முதலில் மாற்றிய எல்என்பி உண்மையிலேயே கெட்டிருந்ததா என்பதை அறிய வழியில்லை, ஏனென்றால் அது எங்கள் கையில் இல்லை.

டிஷ் பழுதுக்குக் கொடுக்கும் பணம் மூன்று வெவ்வேறு செலவுகள் சேர்ந்தது: ஆள் வந்து பார்ப்பதற்கான வருகைக் கட்டணம், மாற்றிய உதிரிபாகத்தின் விலை, வேலைக் கூலி. இவற்றைப் பிரித்துக் கேட்காமல் "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஏணியில் ஏறுவதற்கு முன்பே மூன்றையும் தனித்தனியே கேட்டுவிட்டால், பழுது எதுவும் இல்லாதபோது உதிரிபாகம் என்ற பெயரில் பணம் போவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கூப்பிடுவது அடுத்த தவறு. நம் வீடுகளுக்கு வரும் டிடிஎச் சிக்னல் கேயு பேண்ட் என்னும் அலைவரிசையில் வருகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால், கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் மெல்லிய அலை கடைசிச் சில கிலோமீட்டரில் மழை மேகத்தைக் கடக்க முடியாமல் தேய்ந்துவிடுவது கருவியின் பழுது ஆகாது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படம் வராவிட்டால்தான் அது பழுது. இதேபோல் மார்ச் மாதத்தின் நடுப்பகுதியிலும், செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், வெயில் காயும் தெளிந்த முற்பகலில் சில நிமிடங்கள் மட்டும் படம் உடைந்து பிறகு தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால், டிஷ்ஷுக்குச் சூரியனின் இரைச்சலும் சேர்ந்து கேட்கிறது. இதற்காக டிஷ்ஷைத் திருப்பச் சொல்லிப் பணம் கொடுத்தவர்களை நான் அறிவேன், திருப்பியதால் நல்ல நிலையில் இருந்ததும் கெட்டது.

வீட்டிலேயே ஐந்து நிமிடம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதும் செலவு வைக்கிறது. ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா, வராத சேனல் நம் தொகுப்பில் இருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். திரையில் தெரியும் பிழை எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சிக்னல் இல்லாத பழுதுக்கும் சந்தா முடிந்ததற்கும் வெவ்வேறு எண்கள் வரும். நெடுநாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால், பணம் கட்டிய பிறகும் செட்டாப் பாக்ஸுக்குப் புதுப்பிப்புச் சிக்னல் அனுப்ப வேண்டியிருக்கும். நிறுவனத்தின் செயலியிலிருந்தே அதைச் செய்யலாம், ஆள் வரத் தேவையில்லை. பாக்ஸில் விளக்கே எரியாவிட்டால், பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊர்களில் முதலில் சாவது பெரும்பாலும் அந்தச் சிறிய அடாப்டர்தான். பாக்ஸின் பின்னால் உள்ள ஒயரைக் கழற்றி இறுக்கமாகத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் நல்லது, ஆனால் அதற்கு முன் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஒயர் வழியாகத்தான் மேலே உள்ள எல்என்பிக்கு சேனலுக்கேற்ப 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் போகிறது. ஒரு பகுதிச் சேனல்கள் மட்டும் வந்து, மற்றொரு பகுதி அடியோடு வராமல் போனால், இந்த இரண்டு மின்னழுத்தங்களில் ஒன்று மேலே சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஐயப்படலாம். அதற்கு எல்என்பியும் காரணமாக இருக்கலாம், அரித்துப்போன ஒயரும் காரணமாக இருக்கலாம். ஆகவே, ஒயரைச் சோதிக்காமல் எல்என்பியை மாற்றச் சொல்பவரை, முதலில் ஒயரைப் பாருங்கள் என்று சொல்லத் தயங்கக் கூடாது. வேலூர் வெயிலில் ஒயரின் கறுப்பு உறை சில ஆண்டுகளில் வெடித்துவிடுகிறது, அந்த வெடிப்பில்தான் மழைநீர் இறங்குகிறது.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைப்பது மிகவும் ஆபத்தான தவறு. போலி எண்களை இணையத்தில் விதைத்துவிட்டு, அழைப்பவரிடம் "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம்" என்று தொடங்கி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, ஓடிபி கேட்டு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். எண்ணைப் பாக்ஸின் மேலட்டை, பழைய ரசீது, நிறுவனத்தின் சொந்தச் செயலி ஆகியவற்றிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். பணம் பறிபோய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நிறுவனத்தில் புகார் சொன்னவர்கள்கூட புகார் எண்ணைக் கேட்டு வாங்குவதில்லை. அந்த எண் இல்லாவிட்டால், வந்தவர் நிறுவனத்தின் சார்பில் வந்தாரா, தனியாக வந்தாரா என்பதைப் பின்னர் நிறுவ முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்த சேவைத்தர ஒழுங்குமுறைகள், சிக்னல் அடியோடு இல்லை என்ற புகாரை 24 மணி நேரத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஒரே சான்று புகார் எண்ணும் அது பதிவான நேரமும்தான்.

வருகைக் கட்டணம் பற்றி நம்மில் பலர் இன்னும் பழைய கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறோம். 2017 ஒழுங்குமுறைகளின்படி, டிடிஎச் நிறுவனம் ஒரு புகாருக்கு 250 ரூபாய்க்கு மேல் வருகைக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. பல வீடுகளில், கடைகளில், ஏன், பணியாளர்களிடையேகூட "250தான் சட்டம்" என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. 2024 ஜூலையில் டிராய் செய்த திருத்தத்தில் வருகை, பொருத்துதல், இடமாற்றம் போன்ற சேவைகளுக்கான கட்டண வரம்பு நீக்கப்பட்டு, நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. இதனால் 250 ரூபாய் என்று வாதாடுபவர் தோற்றுப்போகிறார், ஆனால் அந்தத் தோல்வியோடு கேள்வி கேட்பதையே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அதே திருத்தம், ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணங்களை வெளியிட்டு, எது எதற்கான கட்டணம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகையால் இப்போது கேட்க வேண்டிய கேள்வி மாறியிருக்கிறது. "உங்கள் நிறுவனம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் இந்த வேலைக்கு எவ்வளவு?" என்று புகார் பதியும்போதே கேட்டு, அந்தத் தொகையைப் புகார் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். வரம்பு போய்விட்ட நிலையில் வாடிக்கையாளரின் கையில் இருக்கும் ஒரே பிடி இந்தப் பட்டியல்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாக்ஸ் யாருடையது என்பதை அறியாமல் பணம் கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. வாடகை ஏற்பாட்டில் தரப்பட்ட பாக்ஸ் நிறுவனத்தின் உடைமை, அதைப் பழுதுபார்ப்பது அவர்கள் பொறுப்பு. விலைக்கு வாங்கியதாக இருந்தால் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். உத்தரவாதம் இருக்கும்போதே வெளியாளிடம் கொடுத்து மூடியைத் திறந்துவிட்டால், அந்த உரிமையை நாமே இழந்துவிடுகிறோம். வாங்கிய ரசீதைத் தூக்கி எறிந்தவர்களுக்கு, பொருத்திய தேதி நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும் என்பது தெரிவதில்லை, அதைக் கேட்டுப் பெறலாம். பழுது பார்க்க வந்தவர் "இந்த மாடல் இப்ப வர்றதில்ல, எச்டி பாக்ஸ் போட்டுக்கங்க" என்று சொன்னால், அது பழுதுபார்ப்பு அல்ல, விற்பனை. வேண்டுமானால் மறுநாள் நிதானமாக யோசித்துச் சொல்லலாம்.

வேலூருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. நம் ஊரைச் சுற்றிலும் மலைகள் என்பதால், "மலை மறைக்குது சார், டிஷ்ஷை உயரக் கம்பத்துல போடணும்" என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். இந்தியாவின் டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையிலிருந்து ஏறக்குறைய 108 பாகை வரையிலான இடங்களில் நிற்கின்றன. வேலூரிலிருந்து பார்த்தால் இவை தெற்கு-தென்கிழக்கிலிருந்து கிழக்கு-தென்கிழக்கு வரையிலான திசைகளில், அடிவானத்துக்கு மேலே 50 பாகையைத் தாண்டிய உயரத்தில் இருக்கும். அதாவது, கோட்டை மலைகளின் அடிவாரத்தில் வீடு கட்டியிருந்தாலும், செங்குத்துப் பாறை முகத்தருகே ஒட்டியிருக்காதவரை, மலை குறுக்கே வராது. டிஷ் குனிந்து பார்ப்பது போலத் தெரிவது எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் அதன் ஆஃப்செட் அமைப்பால் வரும் தோற்றம், சிக்னல் நமக்குத் தெரிவதைவிட மிக உயரத்திலிருந்தே வருகிறது. உண்மையில் மறைப்பவை பக்கத்து வீட்டில் புதிதாக எழுந்த மாடி, தென்கிழக்கே வளர்ந்துவிட்ட தென்னை, வேப்ப மரக் கிளை ஆகியவை. இவற்றை ஏணி இல்லாமல் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வெள்ளையடிக்க வந்தவர்களும், மாடிக்குத் தளம் போட வந்தவர்களும் டிஷ்ஷைத் தட்டி நகர்த்திவிடுவதும் உண்டு. ஓரிரு பாகை நகர்ந்தாலே சிக்னல் போய்விடும். அந்த வேலைக்கு முன் தாங்கியின் நிலையைச் சுண்ணாம்பாலோ பெயிண்ட்டாலோ கோடு போட்டுவைத்தால், திரும்பத் திருப்புவது சில நிமிட வேலையாக முடியும்.

தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் வைத்திருக்கும் வீடுகளின் கதை வேறு. 2004 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவைக்கு மாதச் சந்தா கிடையாது, பாக்ஸும் கடையில் வாங்கியது. ஆகவே பழுதென்றால் உள்ளூர் மெக்கானிக்கைத்தான் நம்ப வேண்டும். அந்தச் சேவையில் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் கைமாறும்போது சேனல்கள் மாறும், அப்போது ரிமோட்டிலேயே ஆட்டோ ஸ்கேன் போட்டால் போதும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து உறவினர் வீடுகளில் இந்த ஒரு பொத்தானை அழுத்துவதற்காக 200 ரூபாய் வரை கொடுத்ததாகச் சொல்லக் கேட்டு வருந்தியிருக்கிறேன்.

பணம் கொடுக்கும் நேரத்தில் செய்யும் தவறுகள் குறைவானவை அல்ல. மாற்றிய பழைய பாகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். வாடகைப் பாக்ஸின் பாகமாக இருந்து நிறுவனமே திரும்ப எடுப்பதானால், ரசீதில் அதைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். வந்தவரின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு, நிறுவனத்துக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. நிறுவனத்தின் செயலியில் கட்ட முடிந்தால் அதுவே சிறந்தது, முடியாவிட்டால் புகார் எண் எழுதிய ரசீது வேண்டும். ரசீதில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் 15 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், தமிழ்நாட்டு எண்கள் 33 என்று தொடங்கும். பதிவு எண்ணே இல்லாமல் வரி வாங்குபவரிடம், எந்தப் பதிவின் கீழ் வாங்குகிறீர்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, "போனால் போகட்டும்" என்று விடுவதுதான் பலரும் செய்வது. முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்திலும், அங்கே தீராவிட்டால் அதன் நோடல் அதிகாரி எனப்படும், தீராத புகார்களைக் கவனிக்கும் அதிகாரியிடமும் எழுத்தில் முறையிட வேண்டும். அதன்பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். இறுதியாக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் வேலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர்ந்தால் போதும். அங்கே எடுபடுவது புகார் எண், நிறுவனம் வெளியிட்ட கட்டணப் பட்டியலின் நகல், ரசீது, பழைய பாகம் ஆகிய நான்கும்தான். என் தாயாரின் 900 ரூபாய்க்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது முறை வந்த பணியாளருக்குக் கொடுத்த தொகைக்கு நான்கில் மூன்று இருந்தன, நான்காவதான அந்தப் பச்சை பூத்த கனெக்டரையும் ஒரு பொட்டலத்தில் மடித்து, ரசீதோடு சேர்த்து, என் தாயார் அலமாரியில் வைத்திருக்கிறார்.