வேலியில் நோட்டீஸ் தொங்குகிறதா? தெருவாகச் சேர்ந்து ஆட்சேபம் எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் தெருவில் ஒரு வீட்டு மனையை லாரி நிறுத்துமிடமாக மாற்ற விண்ணப்பம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலியில் ஒரு காகிதம் தொங்குகிறது. படித்துவிட்டுப் பேசாமல் போய்விடாதீர்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் பெரியவர்களைக் கிளப்பியபோது அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று கருத்துக் கேட்டாக வேண்டும். அதற்கான சட்டம், ‘ஸ்ப்ளூமா’ (SPLUMA) என்று எல்லாரும் சொல்லும் 2013-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டம், 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

1. நோட்டீஸைப் போனில் படம் எடுங்கள். மனை எண், விண்ணப்ப எண், ஆட்சேபம் அனுப்ப வேண்டிய முகவரி, கடைசித் தேதி நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

2. விண்ணப்பக் கோப்பைப் போய்ப் பாருங்கள். எங்கே பார்க்கலாம் என்பது நோட்டீஸிலேயே இருக்கும். இரண்டு பேராகப் போவது நல்லது. தெருவில் பேசிக்கொள்வது ஒன்று, வரைபடத்தில் இருப்பது வேறொன்று என்பது அடிக்கடி நடக்கும்.

3. கோயில் மண்டபத்திலோ யார் வீட்டுக் கராஜிலோ கூடுங்கள். புரட்டாசி என்றால் சனிக்கிழமை வேண்டாம், பாதிப்பேர் விரதத்திலும் பூஜையிலும் இருப்பார்கள். சூலு பேசும் அண்டை வீட்டாரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு கையெழுத்துக்கு மட்டும் போய் நின்றால் அவர்கள் மனம் நோகும், அது நியாயமும்கூட.

4. இனி கடிதம். எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதைவிட, வீட்டுக்கு ஒரு கடிதம் என்று அவரவர் காரணத்தோடு எழுதுவதே வலுவானது என்பது என் உறுதியான எண்ணம். முடிவெடுப்பவர்கள் பொதுநலன், பாதிக்கப்படுவோரின் உரிமைகள், சாலை, தண்ணீர், கழிவுநீர் போன்ற வசதிகளின் நிலை, திறந்தவெளித் தேவை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பது போதாது. “இந்தத் தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும், காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் இதே வழியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள்” என்று எழுதி, படத்தையும் இணையுங்கள். பாட்டிகளைக் கேளுங்கள், மழைக்கு எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த இனத்தார் வருவார்கள், எந்த நாட்டுக்காரர் வருவார் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். நம்மைப் பிரித்து வைத்த சட்டத்தின் பேச்சு அது.

5. கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் அனுப்பியதைச் சேமித்து வையுங்கள்.

6. வார்டு கவுன்சிலரிடமும் சொல்லுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். இத்தகைய விண்ணப்பங்களில் முடிவெடுக்கும் மாநகராட்சித் திட்டத் தீர்ப்பாயத்தில் கவுன்சிலர்கள் உறுப்பினராக இருக்கவே முடியாது. அவரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னது ஆட்சேபக் கணக்கில் வராது.

7. தீர்ப்பாயம் நிபந்தனையோடும் அனுமதி தரலாம். அதனால் “முடியாது” என்பதோடு, “அனுமதித்தால் இரவு எட்டு மணிக்குமேல் லாரி ஓடக்கூடாது, மதில் கட்ட வேண்டும்” என்பதையும் கடிதத்திலேயே கேட்டு வையுங்கள். சரி, முடிவு பாதகமாக வந்தால்? உங்கள் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால், முடிவை அறிவித்த தேதியிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளருக்குக் காரணங்களோடு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதம் வந்த அன்றே தெரு வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போடுங்கள்.